தேடி வருவதும் தேடிப் பெறுவதும்

பதுளை மாவட்டத்தின் எல்ல நகரிலிருந்து மேலேறும் தேயிலைத் தோட்டப் பாதைகளில் மாலை வேளையில் நடந்து செல்பவர்கள் ஒரு காட்சியைக் காணாமல் இருக்க முடியாது. கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும் பெண்கள். லயத்து அடுப்புகளிலிருந்து எழும் புகை. அந்தப் புகைக்கு மேலே, தகரக் கூரைகளின் விளிம்பில், வானத்தை நோக்கி முகந்திருப்பிய வட்டத் தட்டுகள். ஒரு காலத்தில் தோட்டத்து வீட்டில் வானொலிப் பெட்டி இருப்பது பெருமையாக இருந்தது. பிறகு தொலைக்காட்சிப் பெட்டி பெருமையாயிற்று. அதன்பின் கூரைமேல் நிற்கும் ‘டிஷ்’ பெருமையாயிற்று. இன்று அத்தட்டுகளிற் சில கம்பி அறுந்து, துருவேறி, மழைநீர் ஏந்தி நிற்கின்றன. அதனால், வீட்டுக்குள் இருப்பவர் படம் பார்ப்பதை விட்டுவிட்டார் என்று எண்ணிவிடலாகாது. படம் கூரையிலிருந்து இறங்கி அவரவர் கைக்கு வந்துவிட்டது, அவ்வளவே.

மாதச் சந்தா கட்டிப் பார்த்த தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, இணையத்தின் வழியே விரும்பியதை விரும்பிய நேரத்தில் பார்க்கும் இந்தப் புதிய வழக்கம் மலையகக் குடும்பத்துக்கு எதைத் தருகிறது, எதைக் கொண்டுபோகிறது என்பது நிதானமாக எண்ணிப் பார்க்கவேண்டிய பொருள். புதியது என்பதற்காக அதனை வெறுப்பதும் தவறு. புதியது என்பதற்காகவே பழையதைத் தூக்கி எறிவதும் தவறு.

மலைக்கும் தொலைக்காட்சிக்கும் ஆதிமுதலே ஒரு வழக்கு உண்டு. தொலைக்காட்சி அலை பெரும்பாலும் நேராகச் செல்வது. இடையில் ஒரு மலை குறுக்கே நின்றால், மலைக்கு அப்பால் உள்ளவனுக்குப் படம் தெரிவதில்லை. 1948ஆம் ஆண்டளவில் அமெரிக்க நாட்டின் பென்சில்வேனியா, ஓரிகன் ஆகிய மாநிலங்களில், இவ்வாறு படம் எட்டாத ஊர்களைச் சேர்ந்த சிலர் உயரமான இடத்தில் அன்டெனாவை நாட்டி, அங்கிருந்து கம்பி இழுத்து, வீடுகளுக்குப் படத்தைக் கொண்டுவந்தனர். கேபிள் தொலைக்காட்சி பிறந்த கதை இதுதான். நகரத்து மாளிகைக்காரருக்காக அது பிறக்கவில்லை. மலை மறைத்த ஊராருக்காகவே பிறந்தது.

தமிழ்நாட்டில் 1990களில் அந்தக் கம்பி தெருத் தெருவாக ஓடியது. 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆந் திகதி சன் தொலைக்காட்சி தொடங்கியது. பின்னர் 2007இல் மாநில அரசே ஒரு கேபிள் நிறுவனத்தை அமைத்தது. 2011இல் மாதம் 70 ரூபாய்க்கு அதன் சேவை வழங்கப்பட்டது. அரிசி, மண்ணெண்ணெய் போலத் தொலைக்காட்சியும் வீட்டுத் தேவைகளில் ஒன்றாகக் கணிக்கப்பட்ட காலம் அது.

இலங்கையின் கதை சற்று வேறு. இங்கு வானொலி 1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆந் திகதி ஒலிக்கத் தொடங்கியது. 1979ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆந் திகதி சுயாதீனத் தொலைக்காட்சியும், 1982ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆந் திகதி ரூபவாஹினியும் வந்தன. ஊவாவின் மலைச்சரிவுகளில் ஒரு லயத்துக்கும் அடுத்த லயத்துக்கும் இடையே ஓடையும் பள்ளமும் இருக்கும். அங்கே கம்பி இழுப்பது கட்டுபடியாகும் தொழில் அன்று. ஆகவே, தமிழ்நாட்டில் கம்பி செய்த வேலையை இங்கே செய்மதித் தட்டு செய்தது. 2007இல் டயலொக் தொலைக்காட்சி வந்தது. சென்னையின் நாடகங்களும் திரைப்படங்களும் இந்தத் தட்டுகளின் வழியே நமுனுகுலை மலையடிவாரத்துக்கும் பசறைப் பள்ளத்தாக்குக்கும் வந்து இறங்கின. 1964இல் செய்யப்பட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தால் உறவினரைக் கடல்கடந்து அனுப்பிவிட்ட குடும்பங்களுக்கு, அந்தப் படங்களில் தெரிந்த ஊரும் உடையும் பேச்சும் வெறும் பொழுதுபோக்காக மட்டும் இருக்கவில்லை.

இப்பொழுது வந்திருப்பது மூன்றாவது முறை. இதனைத் தமிழில் இணையவழி ஒளிபரப்பு எனலாம். பேச்சு வழக்கில் ஓ.டி.டி. என்கிறார்கள். வாடகைக்குப் படத்தட்டு அனுப்பிவந்த நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2007இல் அமெரிக்காவில் இம்முறையைத் தொடங்கியது. 2016ஆம் ஆண்டு சனவரியில் ஒரே நாளில் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு அது விரிந்தபோது இலங்கையும் அவற்றுள் ஒன்றாக இருந்தது. யூடியூப் அதற்கு முன்னரே இங்கு வேரூன்றிவிட்டது. 2022ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அமெரிக்கர் தொலைக்காட்சித் திரையின்முன் செலவிட்ட நேரத்தில் 34.8 சதவீதம் இணையவழிக்கும், 34.4 சதவீதம் கேபிளுக்கும் சென்றது என நீல்சன் நிறுவனம் கணக்கிட்டது. கேபிளை இணையவழி முந்தியது அதுவே முதன்முறை. 2025ஆம் ஆண்டு மே மாதத்தில், கேபிளும் சாதாரண ஒளிபரப்பும் ஒன்றுசேர்ந்து பெற்ற பங்கையும் இணையவழி விஞ்சிவிட்டது. மலை மறைத்த ஊரில் பிறந்த கேபிள் தன் பிறந்த நாட்டிலேயே பின்தங்கிவிட்டது.

இந்தப் புதிய முறையால் விளையும் நன்மைகள் பல. அவற்றை மனமார ஒப்புக்கொள்ள வேண்டும். தொலைக்காட்சி நிலையத்தார் வகுத்த நேரத்துக்குப் பார்ப்பவர் பணிந்து நடந்தது பழைய முறை. கொழுந்து பறித்துக் களைத்து வீடு சேர்ந்து, தண்ணீர் எடுத்து, சமைத்து முடிக்கும் பெண்ணுக்கு அந்த நேரம் ஒருநாளும் வாய்த்ததில்லை. பாதி நாடகத்தை அடுப்படியிலிருந்தே காதால் கேட்டவள் அவள். இணையவழியோ அவளுக்காகக் காத்திருக்கிறது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவன் விளங்காத கணக்கைப் பத்துமுறை திருப்பிக் கேட்கலாம். பத்தாம் முறையும் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மலையக மக்கள் இதுகாலம்வரை பெரும்பாலும் பார்ப்பவராகவே இருந்தனர். பார்க்கப்படுபவராக இருந்தது அரிது. வி. பி. கணேசனின் ‘புதிய காற்று’ 1975இல் தோட்டத்து வாழ்வைத் திரைக்குக் கொண்டுவந்தது. அத்தகைய முயற்சிகளைத் தேடித்தான் எண்ணவேண்டும். இன்று கையில் ஒரு கைத்தொலைபேசி உள்ள தோட்டத்து இளைஞன் காமன் கூத்தையும் தப்பிசையையும் படம்பிடித்து உலகத்தின்முன் வைக்கிறான். அவனுக்கு நிலையமும் வேண்டாம். நிலையத்தாரின் தயவும் வேண்டாம்.

இனி, மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். தோட்டமொன்றின் லயத்தில் வாழும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். தாய் கொழுந்து பறிக்கிறாள். தந்தை பண்டாரவளையில் கூலி வேலை செய்கிறார். மூத்த மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான். மகளும் இளைய மகனும் படிக்கிறார்கள். தந்தையைப் பெற்ற அப்பாயி, கண் மங்கியவர், வீட்டோடு இருக்கிறார். விடுமுறைக்கு வந்த மூத்தவன், “டிஷ்ஷுக்குக் காசு கட்டுறது வீண். எல்லாம் போன்லயே பாக்கலாம்” என்று சொல்லி அந்தத் தட்டுக்குப் பணம் கட்டுவதை நிறுத்திவிட்டான். வீட்டில் இரண்டு கைத்தொலைபேசிகள். ஒன்று தாயிடம், மற்றது மகளிடம்.

முதலாவதாக, செலவுக் கணக்கு. ஒலிபரப்பும் ஒளிபரப்பும் மழையைப் போன்றவை. ஒரு வீட்டில் பெய்தாலும் ஊர் முழுவதும் பெய்தாலும் மேகத்துக்குச் செலவு ஒன்றே. இணையவழி அப்படியன்று, அது குடத்தில் ஊற்றும் தண்ணீர். பார்ப்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு தனிப் படி அனுப்பப்படுகிறது. அதன் அளவுக்கு ஏற்ப டேட்டா கரைகிறது. சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரம் பார்க்க ஏறக்குறைய 1 ஜிகாபைட்டும், உயர்தரத்தில் பார்க்க 3 ஜிகாபைட்டும் செலவாகலாம் என்பது நெட்ஃபிளிக்ஸ் நிறுவனமே தரும் கணக்கு. நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் என்றால் மாதத்துக்கு 30 ஜிகாபைட். மூவர் தனித்தனியே பார்த்தால் 90. பழைய பெட்டியின் முன்னே ஐவர் அமர்ந்தாலும், விருந்தினர் நால்வர் வந்து சேர்ந்தாலும் கட்டணம் கூடியதில்லை. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபா எனவும், 2024இல் 1,350 ரூபா எனவும் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அந்தச் சம்பளத்துக்கும் வேலை கிடைத்த நாளை எண்ணித்தான் பணம். சந்தாவை நிறுத்திய வீட்டில், சிறிது சிறிதாக ‘ரீலோட்’ செய்த பணத்தை மாத முடிவில் கூட்டிப் பார்ப்பவர் சிலரே. கூட்டிப் பார்த்தால், மிச்சம் என்று எண்ணியது மிச்சந்தானா என்பது தெரியவரும்.

இரண்டாவது, அலை. எல்ல நகரின் விடுதிகளில் இணையம் தடையின்றி ஓடுகிறது. 1921இல் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தின்மேல் புகையிரதம் செல்லும் காட்சியை உலகின் எம்மூலையிலுள்ளவரும் தம் கைத்திரையில் கண்டு களிக்கின்றனர். ஆனால், அதே மாவட்டத்தின் மலைகளுக்குப் பின்னால் வாழும் பிள்ளைகளின் நிலை என்ன? 2021ஆம் ஆண்டு, பெருந்தொற்றினால் பாடசாலைகள் மூடிக்கிடந்த காலத்தில், போகிட்டியாவ என்ற கிராமத்தின் மாணவர்கள் தம் ஆசிரியையுடன் புதர்க்காட்டினூடே மூன்று கிலோமீற்றருக்கு மேல் நடந்து, ஒரு பாறையின் உச்சியில் அமர்ந்து பாடம் பெற்றார்கள். லுணுகலைப் பகுதியில், காட்டு மரத்தின்மேல் முப்பது அடி உயரத்தில் அமைந்த ஒரு பரண் வகுப்பறையாயிற்று. இச்செய்திகள் உலகப் பத்திரிகைகளில் வந்தன. 2025ஆம் ஆண்டு யூலையில் ஸ்டார்லிங்க் என்ற செய்மதி இணையச் சேவை இலங்கையில் தொடங்கியது. மலை மறைக்காத வழி அது என்பது உண்மையே. ஆயினும், அதன் விலை நாட்சம்பளக்காரரின் கைக்கு எட்டுவதன்று. 1948இல் மலையைத் தாண்டக் கம்பி இழுத்தவர்கள் ஊர் வீடுகளை அதில் இணைத்தனர். இன்று வசதியுள்ளவன் மட்டும் மலையைத் தாண்டுகிறான்.

மூன்றாவது, வீட்டின் ஒருமை. ஒரே பெட்டி இருந்த காலத்தில் எந்த அலைவரிசை என்பதில் சண்டை உண்டு; அழுகை உண்டு; ஈற்றில் சமாதானமும் உண்டு. மகள் பாட்டுக் கேட்க, தந்தை செய்திக்குத் திருப்ப, செய்தி முடியும்வரை மகளும் வேண்டாவெறுப்பாக அமர்ந்திருப்பாள். அவ்வாறு அமர்ந்திருந்ததிலே, தான் விரும்பாத, ஆனால் அறியவேண்டிய சில செய்திகள் அவள் காதில் விழுந்தன. அவள் பார்த்த நாடகத்தை அப்பாயியும் பார்த்தார். மறுநாள் பேசுவதற்கு இருவருக்கும் ஒரு பொதுப்பொருள் இருந்தது. இப்பொழுது தாய் ஒரு மூலையில், மகள் ஒரு மூலையில். இளையவன் எந்தத் தொலைபேசி கிடைக்கும் என்று காத்திருக்கிறான். அப்பாயிக்கோ எந்தத் திரையும் இல்லை. உள்ள திரையும் அவருடைய கண்ணுக்குச் சிறிது.

ஒருநாள் மாலை, ஐப்பசி மழை இறங்கிய வேளையில், அந்த அப்பாயி பேரனைக் கேட்கிறார்: “மழ எப்புடி வரும்னு இதுல சொல்லுமாடா தம்பி?”

“கேட்டாச் சொல்லும் அப்பாயி.”

“கேக்கத் தெரியாதவங்களுக்கு?”

பேரனிடம் அதற்கு விடை இல்லை. இந்தக் கேள்வியிலேதான் பொருளின் உயிர்நிலை இருக்கிறது. இணையவழி என்பது தேடுபவனுக்குத் தருவது. அவன் நேற்று எதைத் தேடினானோ, அதைப் போன்ற ஒன்றையே இன்றும் எடுத்து நீட்டுவது. வானொலியும் பொதுத் தொலைக்காட்சியும் தேடாதவனையும் தேடி வருபவை. தேடத் தெரியாதவர், தேட நேரமில்லாதவர், தேடவேண்டும் என்று தோன்றாதவர் ஆகிய யாவரும் அவற்றின் கணக்கில் உண்டு.

ஊவாவின் மலைகளில் இஃது உயிர் சம்பந்தமான பேச்சு. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆந் திகதி காலையில் கொஸ்லந்த மீரியபெத்த தோட்டத்தின் லயங்களை மண் மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தும் மக்கள் அங்கேயே இருந்தனர். போவதற்கு வேறு நிலம் வேண்டும். இப்பொழுதே போகவேண்டும் என்ற சொல்லும் வேளையோடு காதில் விழவேண்டும். இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் மற்றது பயன்படாது. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது, நாடெங்கும் 600க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். பதுளை மாவட்டம் மிகப் பெரிய இழப்பைக் கண்ட மாவட்டங்களில் ஒன்று. மண்சரிவில் பாதைகள் துண்டிக்கப்பட்டன. மின்சாரம் நின்றது. தொலைபேசிக் கோபுரங்கள் பல ஊமையாயின. உலகத்துப் படங்களையெல்லாம் கொண்டுவரவல்ல கைத்தொலைபேசி, பக்கத்துத் தோட்டத்தில் தங்கை உயிரோடிருக்கிறாளா என்று சொல்ல மாட்டாமல் கையிற் கிடந்தது.

வானொலி மட்டும் சாகாவரம் பெற்றதா என்று நேயர்கள் கேட்கலாம். இல்லை. வானொலிக் கோபுரமும் சாயக்கூடியதே. செய்மதித் தட்டும் கடும் மழையில் படத்தை இழந்துவிடும். அடர்ந்த மழைத்துளிகள் அதன் அலையை உறிஞ்சிவிடுகின்றன என்பதைத் தட்டு வைத்திருப்போர் யாவரும் அறிவர். ஆனால், ஒன்றைக் கருதவேண்டும். தொலைபேசி அலைக்குப் பள்ளத்தாக்குதோறும் கோபுரம் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மின்சாரமும் இணைப்பும் வேண்டும். வானொலிக்கு உயர்ந்த மலையில் ஒரு கோபுரம் நின்றாற் போதும்; சுற்றியுள்ள மலைத்தொடர் பெரும்பாலும் கேட்கும். இரண்டு மின்கலங்களில் பல நாள் பேசும் பெட்டி அது. அதற்குச் சந்தா இல்லை, கடவுச்சொல் இல்லை, கண் மங்கியவருக்கும் அது பேசும்.

அப்படியானால் செய்யவேண்டியது என்ன? அந்த மூத்த மகன் செய்தது முழுத்தவறு என்று சொல்வதற்கில்லை. அவன் எண்ணாமல் விட்டவற்றை எண்ணிக்கொண்டால் போதும். சந்தாவை நிறுத்துமுன் மூன்று மாத ரீலோட் செலவை ஒரு கொப்பியில் எழுதிக் கூட்டிப் பார்ப்பது நல்லது. கட்டணமின்றி வரும் உள்நாட்டு அலைவரிசைகளுக்குச் சாதாரண அன்டெனா ஒன்று போதும். டிஷ் போனாலும் பெட்டியைத் தூக்கிப் பரணில் போடவேண்டியதில்லை. பாடங்களையும் படங்களையும், இணையம் தாராளமாகக் கிடைக்கும் இடத்தில் பதிவிறக்கிக்கொண்டு வந்து வீட்டில் பார்த்தால் டேட்டாவும் மிஞ்சும். அலையில்லாத லயத்திலும் படம் ஓடும். நாளில் ஒரு மணி நேரமாவது வீட்டார் அனைவரும் ஒரே திரையைப் பார்க்கும் வழக்கம் வேண்டும். அந்நேரத்தில் எதைப் பார்ப்பது என்பதை முறைவைத்துத் தீர்மானித்தால், அப்பாயிக்கும் ஒரு நாள் வரும். மின்கலம் போட்ட சிறு வானொலி ஒன்று, சாமி மாடத்துக்குப் பக்கத்திலோ அரிசிப் பெட்டியின் மேலோ, எடுத்தவுடன் கைக்கெட்டும் இடத்தில் இருக்கவேண்டும். அதிலே மழைக்கால அறிவிப்பு எந்த இடத்தில் வரும் என்பதை வீட்டிலுள்ள சிறுபிள்ளையும் அறிந்திருக்கவேண்டும்.

குடும்பத்தின் கடமை இது. பொதுவில் செய்யவேண்டிய கடமையும் ஒன்று உண்டு. தோட்டங்களுக்கு இணையக் கோபுரம் கேட்பது சினிமா பார்ப்பதற்கான கோரிக்கை அன்று. பாறையேறிப் படித்த பிள்ளைக்கான கோரிக்கை. அது வந்தே தீரவேண்டும். அது வந்துவிட்டது என்ற காரணத்தைக் காட்டி, யாவருக்கும் கட்டணமின்றிச் சென்ற ஒலிபரப்பைக் குறைப்பதற்கும் இடங்கொடுக்கலாகாது. ஆபத்து வேளையின் அறிவிப்பு தமிழிலும், சிங்களத்திலே வரும் அதே நிமிடத்தில் வரவேண்டும். எழுத்தாக மட்டுமன்றிக் குரலாகவும் வரவேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத முதியவர் இன்னும் லயங்களில் இருக்கிறார்கள்.

தேடிப் பெறுவது அறிவுக்கு அழகு. அந்த வசதி தோட்டத்துப் பிள்ளைக்கு வாய்த்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால், ஊரென்று ஒன்று இருப்பதன் பொருளே, கேளாதவருக்கும் போய்ச் சொல்வதற்கு ஓர் ஆள் இருக்கிறார் என்பதுதான். முன்பு தோட்டத்தில் ஒரு செய்தி என்றால் தப்படித்து லயம் லயமாக அறிவிப்பார்கள். அந்தத் தப்போசை, கதவைச் சாத்தியிருந்தவர் காதிலும் விழுந்தது. மழை வலுக்கும் இரவில், உறங்கிக்கொண்டிருக்கும் அப்பாயியின் காதில் விழும் அத்தகைய ஓசை ஒன்று வீட்டில் இருக்கவேண்டும். மற்றத் திரைகளெல்லாம் அதற்குப் பிறகு எத்தனை வந்தாலும் வரட்டும்.